வாசல் பலகையில் சுழியம்

அன்று பகல் அந்த வீட்டில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இல்லாதவர்கள் பலர் இப்போது இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். முன்னறையில் வீட்டுத் தலைவர் ஆவுடையப்பன், அவர் மனைவி உலகம்மாள், பெண் பார்க்க மூன்றாம் கவிகையிலிருந்து வந்திருந்த குற்றாலிங்கம், அவர் மனைவி பேராச்சி, அவர்கள் மகன் ஆனந்தக்கூத்தன், எதிர்வீட்டுப் பலவேசம். பின்னறையில் பெண், செண்பகவடிவு. இந்த ஏழு பேர்தான். ஏவல் செய்யும் இயந்திரமான ஏவலி ஒன்றும் இருந்தது. ஏவலிகளை ஆள் கணக்கில் சேர்க்கும் வழக்கம் செவ்வாயில் எந்தக் குடும்பத்திலும் கிடையாது.

விருந்தினர் மூவரும் மூச்சுக்கவசத்தைக் கழற்றாமல் வாசலில் நின்றார்கள். அதுதான் முறை. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் வாசல் பலகையைப் படிக்க வேண்டும். படித்து, வீட்டுக்காரரைப் பார்த்துத் தலையசைத்து, அதற்குப் பிறகுதான் உள்ளே வந்து கவசத்தைக் கழற்ற வேண்டும். படிக்காமல் கழற்றுகிறவன் அசடு. படித்த பிறகும் கழற்றாமல் நிற்பவன் அந்த வீட்டை அவமதிக்கிறான். ஐந்தாம் கவிகையில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் அப்படி இரண்டு நிமிடம் நின்றதில், இரண்டு குடும்பங்கள் இருபது ஆண்டுகளாக முகம் பார்ப்பதில்லை.

பலகையில் சுழியம் இருந்தது.

குற்றாலிங்கம் ஒரு முறைக்கு இரு முறை பார்த்தார். தலையசைத்தார். மூவரும் உள்ளே வந்து கவசத்தைக் கழற்றினார்கள். ஆவுடையப்பனின் முதுகு, எப்போதும் நிமிர்ந்தே இருப்பது, இன்னும் அரை அங்குலம் நிமிர்ந்தது.

கவிகை என்பது புழுதியையும் கதிர்வீச்சையும் தடுக்கும் பெருங்கூரை மட்டுமே. அதற்கடியில் தெருவில் காற்று கிடையாது. காற்று வீடுகளுக்குள்தான். வீடு என்பது பாறையைக் குடைந்த அறைகள்; ஒவ்வோர் அறைக்கும் இறுக மூடும் கதவு. சுவருக்குப் பசைச்சாந்து பூசி அடைத்துக்கொள்வது அந்தந்தக் குடும்பத்தின் பொறுப்பு. சுவர் கசிந்தால் குடும்பம் கசிகிறது என்றுதான் பேச்சு. கசிகிற வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள், பெண் கொடுக்கவும் மாட்டார்கள்.

கசிகிறதா இல்லையா என்று சொல்ல, பின்னறைச் சுவருக்குள் ஒரு கசிவுமானி உண்டு. அது தன் செய்தியை இரண்டு கம்பிகள் வழியாக வாசலுக்கு மின்னோட்டமாக அனுப்பும். மின்னழுத்தமாக அனுப்பினால் நீளக் கம்பியில் வழியிலேயே கொஞ்சம் தேய்ந்துபோகும். மின்னோட்டமோ புறப்பட்ட அளவிலேயே போய்ச் சேரும். பூமியின் ஆலைகளில் இருந்த பழைய முறை அது. முதல் குடியேறிகள் கொண்டுவந்தார்கள், அதற்குப் பிறகு யாரும் மாற்றவில்லை. கசிவே இல்லையென்றால் நான்கு மில்லி ஆம்பியர். இருப்பதிலேயே பெரிய கசிவுக்கு இருபது. ஆனால் வாசல் பலகைக்குள் இருக்கும் நுண்கட்டுப்பாட்டுச் சில்லுக்கு மின்னழுத்தம் மட்டும்தான் புரியும். அதற்காகக் கம்பி வந்து சேரும் இடத்தில் இருநூற்றைம்பது ஓம் மின்தடை ஒன்றை வைத்திருந்தார்கள். நான்கு மில்லி ஆம்பியர் அதன் வழியே போனால் ஒரு வோல்ட் கிடைக்கும். இருபது போனால் ஐந்து. ஏழாம் கவிகையின் முன்னோர்கள் அந்த வோல்ட்டை அப்படியே பலகையில் எழுதிவிட்டார்கள். ஆகவே ஏழாம் கவிகையில் கசியாத வீட்டின் எண் ஒன்று.

ஆவுடையப்பன் வீட்டில் முப்பத்திரண்டு ஆண்டுகளாக அந்த எண் ஒன்றைத் தாண்டியதில்லை. அவர்களுக்கு ‘ஒன்று வீட்டார்’ என்றே பெயர். அந்தப் பெயரைக் கேட்கும்போது அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். ஆனால் நடை சற்று மெதுவாகும்.

மூன்றாம் கவிகையில் வழக்கம் வேறு. அங்கே சில்லுக்கு இன்னும் ஒரு கணக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: வந்த வோல்ட்டிலிருந்து ஒன்றைக் கழி. அதனால் அவர்களுக்குக் கசியாத வீடு என்றால் சுழியம். கம்பி அறுந்துபோனால் அதைச் சிவப்பு எழுத்தில் தனியே சொல்லும் ஒரு வரியும் அங்கே உண்டு.

இந்த வேறுபாட்டை இரண்டு கவிகைகளிலும் படித்தவர்கள் அறிவார்கள். பேராச்சி அறியவில்லை. ஆறு மாதங்களுக்கு முன் ஒரு வளைகாப்பு விருந்தில், பந்தியில் ஆவுடையப்பன் காதில் விழும்படியே அவள் பக்கத்துப் பெண்ணிடம் கேட்டாள்.

“ஏழாங்கவிகையில ஆவுடையப்பன் வீடு நல்ல குடும்பம்னு சொல்லுதாவ. ஆனா வீடு ஒண்ணு கசியுதாம்லா?”

பந்தி சிரித்தது. பேராச்சி விஷமமாகக் கேட்கவில்லை. ஆவுடையப்பனும் அதை அறிந்திருந்தார். ஆனாலும் பாயசத்துக்கு முன்பே இலையை மூடிவிட்டு எழுந்தார்.

மறுநாள் காலையில் மகளைக் கூப்பிட்டார். செண்பகவடிவு ஏழாம் கவிகையின் கருவி இணைப்பாளர். நாற்பத்தொரு வீடுகளின் கசிவுமானிகளும் அவள் பொறுப்பு.

“ஏட்டி, நம்ம பலகையில இனி ஒண்ணு இருக்கப்படாது. சுழியம் வரணும்.”

“அப்பா, நம்ம ஒண்ணும் அவாளுக்குச் சுழியமும் ஒரே சங்கதிதாம்.”

“ஒண்ணு ஒண்ணுதாம், சுழியம் சுழியந்தாம். எனக்குக் கணக்குச் சொல்லித் தராத.”

அவள் சிரித்துக்கொண்டே சில்லைத் திறந்தாள். அதன் நிரலில் ஒன்றைக் கழிக்கும் வரியை எழுதினாள். கழித்தது சுழியத்துக்குக் கீழே ஒரு நூல் இறங்கினாலும் கழித்தல் குறி வந்துவிடும் என்று அவர் கவலைப்பட்டார். சுழியத்துக்குக் கீழே எது வந்தாலும் சுழியம் என்றே எழுது என இன்னொரு வரி சேர்த்தாள். பிறகு மூன்றாம் கவிகைக்காரர்களைப் போலவே, மின்னோட்டம் அடியோடு நின்றால் ‘கம்பி அறுந்தது’ என்று எரியும் வரியையும் எழுதி, சோதித்துப் பார்க்கக் கம்பியைக் கழற்றினாள்.

சிவப்பு எழுத்து எரிந்த அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பலவேசம் தெருவுக்கு வந்தார். அவர் வாய்க்கு ஏழாம் கவிகையே பயப்படும்.

“என்ன வே ஆவுடையப்பரே, ஒம்ம வீட்டுல என்னமோ அறுந்துட்டுன்னு வாசல்ல எழுதிப் போட்டுருக்கீரு? அறுத்தது யாரு, நீரா, மதினியா?” என்று மூச்சுக்கவசத்துக்குள்ளிருந்து ஒலிபெருக்கி வழியாகக் கேட்டார். தெருவில் நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆவுடையப்பன் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். “அந்த வரிய எடு.”

“அப்பா, அது வெறும் சோதனை. எப்பமாவது அறுந்தாத்தான் எரியும்.”

“எப்பமும் எரியப்படாது. என் வாசல்ல அறுந்ததுன்னு ஒரு எழுத்து வரப்படாது.”

செண்பகவடிவு கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள். “கொஞ்சம் கேளுங்க. அந்த மானி சும்மா இருக்கும்போதும் எதுக்கு நாலு அனுப்புது? ‘நான் உயிரோட இருக்கேன், இங்க ஒண்ணும் கெடுதல் இல்ல’ன்னு சொல்லத்தாம். நாலு வந்தா நல்லாருக்குன்னு அர்த்தம். ஒண்ணுமே வரலன்னா நல்லாருக்குன்னு அர்த்தமில்ல. சொல்ல ஆளே இல்லன்னு அர்த்தம். இந்த வரிய எடுத்துட்டா ரெண்டும் ஒண்ணு போலத்தாம் தெரியும். ரெண்டுக்கும் சுழியந்தாம் காட்டும்.”

“காட்டட்டுமே. சுழியம்னா நல்லதுதான?”

“அப்பா…”

“எடுட்டி.”

அவள் சில்லை மறுபடியும் திறந்தாள். பிறகு அந்த வரியை எடுத்தாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. பேசவில்லை என்பதால் அவளுக்கும் சம்மதம் என்று ஆவுடையப்பன் எடுத்துக்கொண்டார்.

சுழியத்தின் செய்தி கவிகை கவிகையாகப் போயிற்று. மூன்றாம் கவிகையிலிருந்தே பெண் கேட்டு ஆள் வந்தது. அதுவும் குற்றாலிங்கம் வீட்டிலிருந்து. ஆவுடையப்பன் உடனே சரி என்று சொல்லவில்லை. நான்கு நாட்கள் கழித்துச் சொன்னார்.

அவர்கள் வருகிற அன்று காலை எட்டு மணிக்கு அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஒரு குறை தென்பட்டது. குடும்பத்தின் முதல் குடியேறி சிவனணைந்தபெருமாளின் படம் பின்னறையில் மாட்டியிருந்தது. தன் கையால் பாறையைக் குடைந்து, இந்தத் தெருவின் முதல் மூன்று வீடுகளையும் உண்டாக்கியவர் அவர். வருகிறவர்கள் பார்க்காத அறையில் அந்தப் படம் இருந்து என்ன பயன்? கனத்த உலோகச் சட்டம் போட்ட படம். பாறை வரை இறங்கிய நீள ஆணியில் தொங்கியது. ஏவலியை விட்டு ஆணியைப் பிடுங்கச் செய்தார். துளையில் அவரே பசைச்சாந்தை அடைத்து, கட்டைவிரலால் தேய்த்து வழவழப்பாக்கினார். சாந்து இறுக இரண்டு நாட்களாகும் என்று டப்பாவில் எழுதியிருந்தது. எழுதியிருந்தது மற்றவர்களுக்கு, அவர் மூன்று தலைமுறைச் சாந்துக்காரர்.

முன்னறையில் படத்துக்குப் பொருத்தமான இடம் வாசலுக்கு எதிர்ச்சுவர். அங்கே கசிவுமானியின் இரண்டு கம்பிகள் குறுக்கே போயின. பெரியவரின் முகத்துக்குக் குறுக்கே கம்பியா? அவற்றைச் சட்டத்துக்குப் பின்னால் தள்ளி, படத்தைச் சுவரோடு அழுத்தினார். உள்ளே ‘டக்’ என்று சின்னதாக ஒரு சத்தம்.

ஆவுடையப்பன் கவனக்குறைவான மனிதர் அல்ல. உடனே பலகையின் உள்முகத்தைப் பார்த்தார். சுழியம். சொல்லப்போனால் முன்னைவிட நல்ல சுழியம். அதுவரை கடைசி இலக்கம் எப்போதாவது ஒரு முறை ஒன்றுக்குத் துடித்துவிட்டுத் திரும்பும். இப்போது அந்தத் துடிப்பும் இல்லை. அது அவருக்குப் பிடித்திருந்தது.

பதினொரு மணிக்கு விருந்தினர் வந்தார்கள். ஊருக்கு ஒரு சாட்சி வேண்டுமென்று பலவேசத்தையும் கூப்பிட்டிருந்தார்.

சுக்குக் காப்பி வந்தது. குற்றாலிங்கம் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு அவர் கண் மறுபடியும் பலகையின் உள்முகத்துக்கே போயிற்று.

“எங்க கவிகையிலயும் சுழியம் உண்டு அண்ணாச்சி. ஆனா இந்த மாதிரி நிக்காது. புள்ளி ஒண்ணு, புள்ளி ரெண்டுன்னு ஆடிக்கிட்டே கெடக்கும்.”

“எங்க வீட்டுது பொழுதன்னிக்கும் நடுங்கும். இது கல்லு மாதிரில்லா நிக்கி!” என்றார் பலவேசம். வாழ்நாளில் முதல் முறையாக அவர் வாயிலிருந்து குத்தல் இல்லாத ஒரு வாக்கியம் வந்தது.

“சுவரு நின்னா எண்ணு நிக்கும்” என்றார் ஆவுடையப்பன்.

மாப்பிள்ளைப் பையன் பலகையைக் காட்டினான். “பலகையில நிரல் எழுதினது உங்க மகளேதானாமே மாமா. கம்பி அறுந்தா என்ன காட்டும்?”

“எங்க வீட்டுக் கம்பி அறுந்ததில்ல தம்பி.”

எல்லோரும் சிரித்தார்கள். ஆனந்தக்கூத்தனும் மரியாதைக்குச் சிரித்தான்.

சிரிப்பு அடங்கியபோது பேராச்சி தலையைச் சாய்த்தாள். “என்னமோ தட்டுத மாதிரி கேக்கே?”

பாறைக்குள்ளிருந்து வருவதுபோல் மெல்லிய சத்தம். ஐந்தாறு தட்டு, இடைவெளி, மறுபடி ஐந்தாறு. ஆவுடையப்பன் பலகையைப் பார்த்தார். சுழியம்.

“குழாயில தண்ணி மாறுது.”

உலகம்மாள் எழுந்தாள். அவர் அவளைப் பார்த்தார். விருந்தினர் முன்னால் வீட்டுப் பெண்கள் குழாய்ச் சத்தத்துக்கெல்லாம் எழுந்து ஓடுவதில்லை என்று அந்தப் பார்வை சொன்னது. நாற்பது ஆண்டுகளாக அந்தப் பார்வையைப் படித்துப் பழகியவள் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் தட்டும் சத்தம் நின்றது. “பாத்தீங்களா” என்றார்.

பெண்ணைக் கூப்பிடலாம் என்று குற்றாலிங்கம் சொன்னார். ஏவலி போயிற்று, போன வேகத்தில் திரும்பி வந்தது.

“கதவு திறக்கவில்லை. மூன்று முறை அழைத்தேன். பதில் இல்லை.”

“கூப்பிட்ட ஓட்டத்துல வந்து நிக்க மாட்டா எங்க வீட்டுப் பொண்ணு” என்றார் ஆவுடையப்பன், விருந்தினரைப் பார்த்து.

“அப்படித்தாம் இருக்கணும்” என்றாள் பேராச்சி. அவளுக்கு உண்மையிலேயே மனம் குளிர்ந்தது. “இந்தக் காலத்துப் பிள்ளையோ கூப்பிடுததுக்கு முன்னாலயே நடு வீட்டுல வந்து நிக்குதுவ.”

“கதவு இறுகியிருப்பதன் காரணத்தை…” என்று ஏவலி தொடங்கியது.

“போய் டம்ளர எடு.”

ஏவலி டம்ளர்களை எடுத்தது. மேலும் இருபது நிமிடம் அவர்கள் சிவனணைந்தபெருமாளைப் பற்றிப் பேசினார்கள். அதற்குள் ஆவுடையப்பன் மறுபடியும் ஐந்து முறை பலகையைப் பார்த்தார்; ஏன் பார்த்தார் என்று அவருக்கே தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் அது அவருக்கு ஆறுதலாக இருந்தது.

எழுந்தவன் ஆனந்தக்கூத்தன். முறை இல்லைதான். நேரே பின்னறைக் கதவுக்குப் போய் உள்ளங்கையை வைத்தான். கதவு பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தது. ஓர் அறையில் காற்று குறைந்தால் மற்ற அறை பிழைக்கட்டும் என்று அந்தக் கதவுகள் தாமாகவே இறுகிக்கொள்ளும்.

“மாமா, அந்தப் பக்கம் காத்து இல்ல.”

“பலகையில…” என்றார் ஆவுடையப்பன்.

உலகம்மாள் அலறிய அலறல் பாறை வழியே பக்கத்து வீடுகளுக்கும் கேட்டது. எல்லோரும் கவசம் மாட்டிக்கொண்டு, வால்வைத் திருகி, இரு அறைகளின் காற்றையும் சமமாக்கிக் கதவைத் திறக்கப் பதினொரு நிமிடம் ஆயிற்று.

செண்பகவடிவு பின்சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கசிவு எங்கே என்று அவள் கண்டுபிடித்திருந்தாள். அவளுடைய தொழில் அது. ஆணித் துளையில் தகப்பனார் அடைத்த சாந்து பாறைக்குள் உள்வாங்கிப் போயிருந்தது. பட்டுப்புடவையின் முந்தானையைக் கிழித்துத் துளைக்குள் திணித்திருந்தாள். பட்டு காற்றைத் தடுக்காது என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? வேறு எதுவும் கைக்கு எட்டவில்லை. கம்பி அறுந்திருக்கும் என்பதும் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். கசிவுமானியின் மூடியைக் கழற்றிவைத்திருந்தாள். அது கடைசி வரை ஒழுங்காக வேலை செய்து, இருபது மில்லி ஆம்பியர் அனுப்பப் பார்த்துக்கொண்டிருந்தது. வலது கை வளையல்கள் சுவரில் தட்டித் தட்டி நெளிந்திருந்தன.

அவளை முன்னறைக்குத் தூக்கி வந்தார்கள். விருந்தினர் புறப்பட்டார்கள். வெளியே போகும்போதும் பலகையைப் படித்துத் தலையசைக்க வேண்டும் என்பது முறை. குற்றாலிங்கம் நிலை தெரியாமல் இருந்தார். பழக்கம் மட்டும் அவரை விடவில்லை. நின்றார், சுழியத்தைப் படித்தார், தலையசைத்தார், போனார்.

கவிகைச் சபை விசாரித்தது. சாந்து இறுகுமுன் அந்த அறையில் ஆளை இருக்கவிட்டதே காரணம் என்று எழுதி, கீழே ஐந்து பேர் கையெழுத்திட்டார்கள். ஆனந்தக்கூத்தன் சபையில் எழுந்து, கம்பி அறுந்ததைச் சொல்லும் வரியை எடுத்துவிட்டதுதான் காரணம், அந்த வரி இருந்திருந்தால் விருந்தினர் வாசலில் கால் வைக்கும்போதே தெரிந்திருக்கும் என்றான். அதற்குச் சபைத் தலைவர், “கசிஞ்சது சுவரு தம்பி. பலகை என்ன செய்யும்?” என்று கேட்டார். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது.

குற்றாலிங்கம் வீட்டுக்குப் போய் மூன்று நாட்கள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் அவர் வீட்டு வாசலில், புழுதி ஏறிய இணைப்பு ஒன்றால், ‘கம்பி அறுந்தது’ என்று சிவப்பில் எரிந்தது. அந்த ஆண்டில் அது மூன்றாவது தடவை. தெருவில் போகிறவர்கள் நின்று படித்தார்கள். இரண்டு பேர் கவசத்துக்குள் சிரித்ததை அவர் பார்த்தார். ஆவுடையப்பன் வீட்டுப் பலகை அவர் நினைவுக்கு வந்தது. அந்த வீட்டில் அப்படியொரு சாவு விழுந்த நேரத்திலும் வாசலில் ஒரு கெட்ட எழுத்து எரியவில்லை.

நிரலைக் கேட்டு ஆளனுப்பினார்.

“வேண்டாம்பா” என்றான் மகன்.

“நீ பேசாம இரு.”

அவன் பேசாமல் இருந்தான்.

செண்பகவடிவின் கருவிப் பெட்டியிலிருந்து நிரலை எடுத்துக் கொடுத்தார்கள். குற்றாலிங்கத்தின் தெரு முழுவதும் கேட்டு வாங்கியது. பிறகு மூன்றாம் கவிகை, பிறகு ஐந்தாம் கவிகை. இப்போது பதினொரு கவிகைகளிலும் அதுதான். அதற்குச் செண்பகவடிவு முறை என்று பெயர். திருமணப் பேச்சில் முதல் கேள்வியே, உங்கள் வீட்டில் செண்பகவடிவு முறை வந்துவிட்டதா என்பதுதான். பூமியில் மனிதர்கள், கேட்க விரும்பாததைச் சொல்பவர்களின் வாயை மூடிவிட்டு, எல்லோரும் நலம் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். இங்கே அதற்கு ஒரு சில்லு போதுமானதாக இருக்கிறது.

உலகம்மாள் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஆவுடையப்பன் முன்னறையில் தனியாக இருக்கிறார். முதுகு இன்னும் நிமிர்ந்துதான் இருக்கிறது. படம் அதே இடத்தில் இருக்கிறது. அதை நகர்த்தி, பின்னால் இருக்கும் கம்பியை மாட்டித் தருகிறேன் என்று புதிய கருவி இணைப்பாளர் இரண்டு முறை வந்து கேட்டார். கம்பியை மாட்டினால் பலகையில் என்ன எண் வரும் என்று ஆவுடையப்பன் கேட்டார். பின்னறைக் கதவை இறுக மூடியதோடு சரி, துளையை இன்னும் யாரும் அடைக்கவில்லையே, பெரிய எண்தான் வரும் என்றார் அவர். வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

ஊரில் ஒரு பேச்சு நடமாடுகிறது. அன்று பலகையில் எண் ஏறியதாம். ஆவுடையப்பன் அதைப் பார்த்தும் விருந்தினர் முன்னால் குடும்பப் பெயர் கெடக் கூடாதென்று மறைத்தாராம். இது பொய். அன்று அவர் எதையும் மறைக்கவில்லை. விருந்தினர் வந்ததிலிருந்து அவர் பலகையை ஆறு முறை பார்த்தார். ஆறு முறையும் சுழியம்தான் இருந்தது. இன்றும் சுழியம்தான் இருக்கிறது.